மழை ஓய்ந்த பின், கால்வாய் திறக்கும் முன்: வேலூரிலிருந்து சாத்தனூர் டேமுக்கு

ஞாயிறு இரவு, சத்துவாச்சாரி

நாளைக் காலை கிளம்புகிறோம். பைகள் எல்லாம் ஹாலில் வரிசையாக நிற்கின்றன. பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

திருவண்ணாமலை பக்கம் தென்பெண்ணையில் கட்டிய சாத்தனூர் டேமை வேலூரில் பார்க்காதவர்கள் குறைவு. பள்ளிக்கூடத்தில் கூட்டிப்போயிருப்பார்கள், இல்லை கல்யாணமான புதிதில் போயிருப்பார்கள். ஆனால் எல்லோரும் ஒரே மாதிரிதான் பார்த்திருக்கிறோம். காலையில் அண்ணாமலையார் கோயிலில் வரிசையில் நின்று கும்பிட்டுவிட்டு, சாப்பிட்டு, மூன்று மணி வெயிலில் டேமில் இறங்குவோம். பூங்காவில் போட்டோ, முதலைப் பண்ணை, ஒரு தட்டு மீன். ஐந்து மணிக்கு டிரைவர் ஹாரன் அடிப்பார். அவ்வளவு பெரிய தண்ணீர்ப் பரப்பு கண்ணில் பட்டும் மனதில் பதியாமல் வந்துவிடுவோம். இந்த அரையாண்டு விடுமுறையில் காலையிலிருந்து பொழுது சாயும்வரை அந்தத் தண்ணீர் ஓரத்திலேயே இருக்க வேண்டும் என்று வீட்டில் சொன்னேன். மச்சான் குடும்பமும் சேர்ந்துகொண்டது.

எந்த ஏரி என்பதில் ஒரு வாரம் பேச்சு ஓடியது. மச்சான் மனைவிக்கு ஏலகிரி. பதினான்கு கொண்டை ஊசி வளைவு, புங்கனூர் ஏரியில் படகு, மலைக்குளிர். படகில் உட்கார வேண்டும் என்பதுதான் ஆசை என்றால் புங்கனூர் நல்ல இடம், பிள்ளைகளுக்கும் பிடிக்கும். ஆனால் அது சின்ன ஏரி, ஒரு சுற்று நடந்தால் முடிந்துவிடும். குடியாத்தம் பக்கம் மோர்தானா அணையை நான் சொன்னேன். கவுண்டன்யா ஆற்றில் கட்டியது, ஆந்திர எல்லைக் காடு, அழகான இடம். நிறைந்தால் தானாக வழியும், அதைப் பார்க்கவே கூட்டம் வரும். அதன் கொள்ளளவு 261 மில்லியன் கன அடி. காவேரிப்பாக்கம் ஏரி அதைவிட மிகப் பெரியது, 1,474 மில்லியன் கன அடி. பல்லவர் காலத்து ஏரி, வாலாஜா பக்கத்துப் பாலாறு அணைக்கட்டிலிருந்து தண்ணீர் வருகிறது. பறவை பார்க்கிறவர்களுக்கு அதுதான் சொர்க்கம். குடும்பத்தோடு ஒரு முழு நாள் உட்கார நிழலும் கழிப்பறையும் வேண்டுமே, அதை யோசித்து விட்டுவிட்டோம்.

சாத்தனூர் 7,321 மில்லியன் கன அடி. காவேரிப்பாக்கம் போல ஐந்து, மோர்தானா போல இருபத்தெட்டு. நம் பக்கத்தில் பெரிய தண்ணீர் என்றால் இதுதான். காமராஜர் முதல்வராக இருந்தபோது, 1958-ல் கட்டி முடித்தது. அன்றைக்குச் செங்கம், திருவண்ணாமலை எல்லாம் வட ஆற்காடு மாவட்டம், வேலூர்தான் தலைநகர். 1989-ல்தான் திருவண்ணாமலை தனி மாவட்டமானது. அதனால் அதை எங்கள் டேம் என்று சொல்ல வேலூர்க்காரனுக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்.

எப்போது போவது என்பதுதான் முக்கியம். அணைக்கட்டு ஏரி எப்போதும் ஒரே மாதிரி இருக்காது. சித்திரை, வைகாசியில் போனால் தண்ணீர் உள்ளே போய் வெடித்த சேறுதான் தெரியும். வடகிழக்குப் பருவமழை ஐப்பசி, கார்த்திகையில் பெய்து தண்ணீர் ஏறும். பொங்கலுக்குப் பிறகு பாசனத்துக்குக் கால்வாய் திறந்தால் இறங்க ஆரம்பிக்கும். இடையில் இந்த மார்கழிதான் சரியான காலம். முழு நீர்மட்டம் 119 அடி. பேப்பரில் மாவட்டச் செய்திப் பக்கத்தில் இன்றைய மட்டம் எவ்வளவு என்று போடுவார்கள். போகிறவர்கள் முதலில் அதைப் பாருங்கள், பிறகு ரூம் போடுங்கள்.

ரூம் விஷயத்தில் இன்னொன்று. திருவண்ணாமலையில் பௌர்ணமி அன்று அறை கிடைக்காது, கிடைத்தாலும் விலை ஏறியிருக்கும், கிரிவலப் பாதை பக்கம் வண்டியே நகராது. கார்த்திகை தீபத்துக்குக் கேட்கவே வேண்டாம். காலண்டரில் பௌர்ணமியை விட்டு, சனி ஞாயிறை விட்டு, காணும் பொங்கலை விட்டுத் தள்ளினால் மிச்சமிருப்பது அரையாண்டு விடுமுறையின் வாரநாட்கள். அப்படி வந்ததுதான் இந்தத் திங்கள், செவ்வாய், புதன்.

எடுத்து வைத்தவை: புளிசாதத்துக்குப் புளிக்காய்ச்சல், தயிர், இலவம்பாடி முள்ளுக்கத்திரிக்காயில் என் மனைவி வதக்கிய எண்ணெய்க் கத்திரிக்காய், ஆற்காடு மக்கன் பேடா ஒரு பெட்டி, பழைய பெட்ஷீட் இரண்டு, தொப்பி, மகனுக்கு பைனாகுலர், இருபது லிட்டர் கேன் தண்ணீர், குப்பைக்கு ஒரு பெரிய பை. குப்பைப் பையை மறக்காதீர்கள். அங்கே குடித்துப் போடும் பாட்டில் காற்றடித்தால் நேரே தண்ணீருக்குத்தான் போகும்.

திங்கள் இரவு, திருவண்ணாமலை

வேன் சரியாக ஏழு மணிக்கு வந்தது. கணியம்பாடி தாண்டும்வரை பிள்ளைகள் சண்டை, கண்ணமங்கலத்தில் டீ, அப்புறம் அமைதி. வலது பக்கம் ஜவ்வாது மலை கூடவே வந்துகொண்டிருந்தது. மார்கழிப் பனி மலையின் இடுப்புவரை இருந்தது. போளூர் தாண்டி கலசப்பாக்கம் வரும்போது பர்வதமலை உச்சி தெரிய, டிரைவர் அண்ணன் ஸ்டியரிங்கை விடாமல் ஒரு கையால் கும்பிட்டுக்கொண்டார்.

எண்பத்தைந்து கிலோமீட்டர்தான். ரயிலிலும் வரலாம். காட்பாடியிலிருந்து விழுப்புரம் போகும் லைன் வேலூர் கண்டோன்மென்ட், போளூர் வழியாகத் திருவண்ணாமலைக்கு வரும். ஆனால் டேம் இங்கிருந்து இன்னும் முப்பத்தைந்து கிலோமீட்டர் உள்ளே, அதற்கு பஸ் மாற வேண்டும். அத்தைக்கு முழங்கால் வலி, அதனால் வேன்.

அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் மாமியார் பிறந்த ஊர் வாணாபுரம் பக்கம். டேம் கால்வாய்த் தண்ணீரில் நெல் விளைகிற ஊர். நாங்கள் டேம் என்று பேச்செடுத்ததிலிருந்து அவங்க முகமே வேறாக இருக்கிறது. வேனில் வரும்போது பேத்தியிடம், "உங்க கொள்ளுத்தாத்தா தினம் டீக்கடைக்குப் போவாரு. டீ குடிக்க இல்ல, டேம்ல எத்தினி அடின்னு பேப்பர்ல பாக்க" என்று சொன்னார். பத்தடி இறங்கினால் அன்றைக்கு வீட்டில் யாரும் அவரிடம் காசு கேட்க மாட்டார்களாம்.

மதியம் கோயில். வாரநாள் என்பதால் வரிசை வேகமாக நகர்ந்தது. 217 அடி ராஜகோபுரத்தின் கீழே மகள் தலையை நிமிர்த்தி நிமிர்த்திக் கழுத்து வலிக்கிறது என்றாள். அதைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள், நான் தண்ணீருக்கே வருகிறேன்.

சாயங்காலம் லாட்ஜில் முகம் கழுவும்போது மகனிடம் சொன்னேன், இந்த ஊருக்குக் குடிநீர் சாத்தனூரிலிருந்து வருகிறது என்று. குழாயை நிறுத்திவிட்டு, "அப்போ நாம நாளைக்குப் பாக்கப்போற தண்ணியில இன்னைக்கே கை கழுவறமா?" என்றான். பௌர்ணமி தோறும் பதினான்கு கிலோமீட்டர் நடக்கிற லட்சக்கணக்கான பேர் இங்கே வந்து தண்ணீர் கேட்கும்போது அதைக் கொடுப்பதில் அந்த டேமுக்குப் பெரிய பங்கு உண்டு.

நாளைக்குச் சீக்கிரம் எழ வேண்டும்.

செவ்வாய் இரவு, திருவண்ணாமலை

நினைத்தது நடந்தது. ஒரு முழுப் பகல் அங்கே இருந்தோம்.

தண்டராம்பட்டு வழியாகப் போனோம். கடைசிக் கொஞ்ச தூரம் இரண்டு பக்கமும் மலைகள் நெருங்கி வரும், காற்று சில்லென்று மாறும், அப்போதே தண்ணீர் பக்கத்தில் இருப்பது தெரிந்துவிடும். பூங்கா திறந்த கையோடு உள்ளே போய்விட்டோம். சுற்றுலா பஸ் ஒன்றும் வரவில்லை. பெருக்குகிற அம்மா ஒருவர், பால் கொண்டுவந்தவர், நாங்கள்.

முதல் வேலையாகப் பூங்காவை விட்டுத் தண்ணீரைப் பார்க்கப் போனோம். இதை நான் எல்லோருக்கும் சொல்லுவேன். பூங்காவுக்கு மத்தியான நிழல் போதும், அணைக்கு அதிகாலை வேண்டும். பனி மெதுவாக மேலேறி, மலைகளுக்கு நடுவே தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது. இந்தக் கரை எது, அந்தக் கரை எது என்று தெரியவே கால் மணி நேரம் ஆனது. அணையின் எந்தப் பகுதிவரை போகலாம் என்பது நாளுக்கு நாள் மாறும். அங்கிருக்கிற ஊழியரிடம் கேட்டு, அவர் சொன்ன இடத்தோடு நின்றுகொள்ளுங்கள். நீர்த்தேக்கத்தில் இறங்கிக் குளிக்கவே கூடாது. கரை சரிந்து சட்டென்று ஆழமாகிவிடும், அடியில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது.

பைனாகுலர் வீணாகவில்லை. நீர்க்காகங்கள் பட்டுப்போன மரக்கிளையில் சிறகை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தன. ஒரு மீன்கொத்தி ஒரே கம்பத்திலிருந்து திரும்பத் திரும்பப் பாய்ந்தது. தூரத்தில் பரிசல்கள். இருவர் இருவராக, ஒருவர் துடுப்புப் போட ஒருவர் வலையை இழுத்துக்கொண்டிருந்தார். மகள் அதை எண்ண ஆரம்பித்து, பரிசல் சுற்றும்போது தன் கணக்கும் சுற்றிப்போய், மறுபடி ஆரம்பித்தாள்.

அந்தக் கரையில் பெட்ஷீட் விரித்து உட்கார்ந்தபோதுதான் அத்தை பேச ஆரம்பித்தார். நான் இதுவரை கேட்காத கதைகள். கால்வாயில் தண்ணீர் விடுகிறார்கள் என்று தெரிந்தால் ஊரே கடைமடைவரை கால்வாயைத் தூர் வாரப் போகுமாம். முதல் தண்ணீர் சருகும் நுரையுமாக வரும், பிள்ளைகள் அதற்கு முன்னால் ஓடுவார்களாம், தண்ணீரை ஊருக்குள் கூட்டிவருவது போல. தண்ணீர் முறை ராத்திரியில் வந்தால் லாந்தரோடு அப்பா போவார், மடை மாற்றிவிட்டு விடியலில் வருவார். "டேமை நான் இன்னிக்குத்தான் மாப்ளே இப்படி உக்காந்து பாக்கறேன்" என்றார். இத்தனை வருடம் அதன் தண்ணீரில் விளைந்த சோற்றைச் சாப்பிட்டவர். கல்யாணமாகி வேலூர் வந்த பிறகு, எல்லோரையும் போல மூன்று மணி வெயிலில் வந்து ஐந்து மணிக்குக் கிளம்பியவர்தான் அவரும்.

மகன் கேள்விகளால் துளைத்தான். இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? கர்நாடகத்து நந்தி மலையில் தென்பெண்ணை பிறக்கிறது. ஓசூர் பக்கம் கெலவரப்பள்ளி அணை, அப்புறம் கிருஷ்ணகிரி அணை, அப்புறம் இது. இங்கிருந்து திருக்கோவிலூர் வழியாகப் போய்க் கடலூர் பக்கம் கடலில் சேர்கிறது. வழியில் இரண்டு கால்வாய்கள், வலதுபுறம் ஒன்று, இடதுபுறம் ஒன்று, சுமார் 45,000 ஏக்கருக்குப் பாசனம்.

"நிறைஞ்சிட்டா என்னப்பா பண்ணுவாங்க?"

அதற்கு 2024 டிசம்பரைச் சொல்ல வேண்டியிருந்தது. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையேறி நகராமல் நின்று கொட்டியது. மேலே ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் மழை. அவ்வளவும் இங்கே வந்தது. டிசம்பர் 2 அதிகாலை வினாடிக்கு 1 லட்சத்து 68 ஆயிரம் கன அடி வெளியேற்றினார்கள். அகரம்பள்ளிப்பட்டு பக்கம் திறந்து சில மாதங்களே ஆன பாலம் அடித்துக்கொண்டு போனது. விழுப்புரம், கடலூர் மாவட்டங்களில் ஆற்றோர ஊர்கள் மூழ்கின. மகன் போனில் கணக்குப் போட்டான். 7,321 மில்லியனை 1,68,000-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 43,500 வினாடி. அதாவது அந்த வேகத்தில் விட்டால் நிறைந்த டேம் பன்னிரண்டு மணி நேரத்தில் காலி. அதைப் படித்துவிட்டுத் தண்ணீரைப் பார்த்தான், மறுபடி போனைப் பார்த்தான். அவனுக்கு இனி கன அடி என்றால் என்ன என்று யாரும் சொல்லித்தர வேண்டாம். அத்தை மட்டும், "அன்னிக்கு எங்க பக்கம் ராத்திரி முழுக்க யாரும் தூங்கல" என்றார்.

பதினொன்றரைக்கு வெயில் ஏறியதும் பூங்காவுக்கு வந்தோம். மரங்கள் நன்றாக இருக்கின்றன. பிள்ளைகள் ஊஞ்சல், சறுக்கல். பெரியவர்கள் புளிசாதம், கத்திரிக்காய். குரங்குகள் உண்டு, சாப்பாட்டைத் திறந்து வைத்துவிட்டு எழுந்து போகாதீர்கள், நீங்களாகக் கொடுக்கவும் வேண்டாம்.

முதலைப் பண்ணை வனத்துறையுடையது. பிள்ளைகள் அங்கேயே நின்றுவிட்டார்கள். எல்லாம் நம் ஊர்ச் சதுப்பு முதலைகள். வாயைத் திறந்தபடி அசையாமல் கிடந்தன. பொம்மையா என்று மகள் கேட்டாள். உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்ள அப்படி வாயைத் திறக்கும் என்றேன். முட்டையிட்ட குழியின் சூட்டைப் பொறுத்துத்தான் குஞ்சு ஆணா பெண்ணா என்பது முடிவாகும் என்று சொன்னபோது மச்சானே நம்பவில்லை. ஒரு காலத்தில் தோலுக்காக வேட்டையாடி அழியும் நிலைக்கு வந்த இனம். 1975-ல் மத்திய அரசு முதலைப் பாதுகாப்புத் திட்டத்தைத் தொடங்கி, பண்ணைகள் வைத்து வளர்த்தார்கள். இதெல்லாம் தெரிந்து பார்த்தால் கல்லெறிய யாருக்கும் கை வராது.

சரி, மீனுக்கு வருவோம். அதற்காகவே பாதிப் பேர் இங்கே வருகிறார்கள். தமிழ்நாடு மீன்வளர்ச்சிக் கழகம் பார்த்துக்கொள்ளும் அணைகளில் இதுவும் ஒன்று. வெளியே வரிசையாக வறுவல் கடைகள். மசாலா தடவி அடுக்கியிருக்கும், நீங்கள் காட்டுகிற துண்டை எடுத்துக் கல்லில் போடுவார்கள். மச்சான் மனைவி, "அக்கா, இன்னா மீன் நல்லா இருக்குது?" என்றார். கடைக்கார அம்மா, "கொழந்தைங்களுக்கு ஜிலேபி எடுத்துக்கோ கண்ணு, முள்ளு கம்மி. உங்களுக்குக் கட்லா நடுத்துண்டு போடறேன்" என்றார். அப்படியே வாங்கினோம். கட்லா மேல்தண்ணீரில் மேயும், ரோகு நடுவில், மிர்கால் அடிச்சேற்றில். ஒரே தண்ணீரில் மூன்றும் சண்டையில்லாமல் வளர்வதற்கு அதுதான் காரணம். என் நாக்குக்குக் கட்லாவைவிட ரோகுதான். மார்கழி என்று அத்தை தொடவில்லை, ஆனால் பேரன் தட்டில் முள் எடுத்துக் கொடுத்தார்.

ஒன்று கவனித்து வாங்குங்கள். காலையிலேயே வறுத்து அடுக்கியதை மறுபடி சூடாக்கித் தருவதும் நடக்கிறது. பச்சையாக இருக்கும் துண்டைக் காட்டி, நின்று போட்டு வாங்குங்கள்.

மூன்று மணிக்கு பஸ்கள் வர ஆரம்பித்தன. பூங்கா நிரம்பியது, சத்தம், செல்ஃபி. நாங்கள் அப்போது மறுபடி தண்ணீர்ப் பக்கம் போய்விட்டோம். ஐந்து மணிக்கு எல்லா பஸ்ஸும் ஹாரன் அடித்துக் கிளம்பியது. அதற்குப் பிறகு கிடைத்த அந்தக் கொஞ்ச நேரத்துக்காக இன்னொரு முறை நான் வருவேன். வெயில் மலைக்குப் பின்னால் போனதும் காற்று நின்றது, மலைகள் தண்ணீரில் தலைகீழாகத் தெரிந்தன, பரிசல்கள் ஒவ்வொன்றாகக் கரை சேர்ந்தன. காவலர் விசில் அடித்துக் கூப்பிடும்வரை அத்தை எழுந்திருக்கவில்லை.

புதன் இரவு, சத்துவாச்சாரி

வீடு வந்தாயிற்று. சுருக்கமாக எழுதுகிறேன், கண் சொருகுகிறது.

திரும்பும் வழியில் சந்தவாசலில் திரும்பிப் படவேடு போனோம். ரேணுகாம்பாள் தரிசனம். சம்புவராயர்கள் தலைநகராக வைத்திருந்த ஊர் இது, இன்றைக்கு வாழைத்தோப்பும் சின்னச் சின்னக் கோயில்களுமாக அமைதியாக இருக்கிறது. அங்கிருந்து செண்பகத்தோப்பு அணை பக்கம்தான். ஜவ்வாது மலை அடிவாரம், கமண்டல நாகநதியின் தண்ணீர். சாத்தனூரில் இருபத்தைந்தில் ஒரு பங்குதான் கொள்ளளவு, ஆனால் காடு நெருக்கமாக இருக்கிறது. பூங்கா, கடை எதையும் எதிர்பார்த்துப் போகக்கூடாது. அரை மணி நேரம் நின்றோம். முதல் நாளே சாத்தனூரைப் பார்த்திருந்ததால் பிள்ளைகள் இங்கே தாங்களாகவே கேட்டார்கள், எந்த ஆறு, எத்தனை அடி, யாருக்குப் போகிறது என்று.

வேலூருக்குள் நுழையும்போது பாலாற்றைப் பற்றிப் பேச்சு வந்தது. ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், தண்ணீர் இல்லாத ஆறு என்று நம் ஊரைச் சொல்வார்கள். கோட்டைக்குள் இருக்கிற ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்கு 1981-ல் சாமி வந்துவிட்டார். 2021 நவம்பரில் பாலாறு இரு கரையும் தொட்டு ஓடியதை மகன் பார்த்திருக்கிறான், சின்னப் பையனாக இருந்தாலும் நினைவிருக்கிறது என்கிறான். அது எங்கே தேங்கியது, எத்தனை ஏரிக்குப் போனது என்று இப்போது கேட்கிறான். காவேரிப்பாக்கத்துக்கு ஒரு நாள் கூட்டிப்போய்க் காட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அதற்கு டிபன் கட்டிக்கொண்டு காலையில் போய் மத்தியானத்துக்குள் வந்துவிடலாம்.

அத்தை கேட்டது வேறு. சாத்தனூரில் கால்வாய் திறக்கிற அன்றைக்கு வாணாபுரத்தில் இருக்க வேண்டுமாம். முதல் தண்ணீர் வருவதைப் பேத்தி பார்க்க வேண்டுமாம். பொங்கல் கழிந்ததும் தேதி பேப்பரில் வரும். அவங்க தம்பிக்குப் போன் போட்டுப் பேசியாகிவிட்டது. மகளுக்கு அன்று பள்ளிக்கூடம் இருக்கும், லீவு லெட்டரை நான் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.